பத்து மார்க் பேரம்

நட்பின் விலை பத்து மார்க். மரக்காணம் உப்பள வரப்பில் அன்றைக்கு அதுதான் ரேட்.

இன்ஜினியரிங் கடைசி வருட டீம் புராஜெக்ட். நாலு பேர் செய்த உப்பு வாரும் மெஷின் ஓடியே விட்டது! மெஷினுக்கு எல்லாருக்கும் ஒரே மார்க். அதற்கு மேல், ஆளுக்குப் பத்து மார்க்கைக் கூட்டாளிகளுக்கு ரகசியமாகப் பிரித்துப் போட வேண்டும். தனக்கே போட்டுக்கொள்ள முடியாது.

கிடைத்த வேலையில் சேர, இலக்கியாவுக்கு நாலு மார்க் குறைந்தது.

"டேய் கார்த்தி, உன் பத்து எனக்கு, என் பத்து உனக்கு!"

"டீல்!" என்றான் கார்த்திகேசன்.

அதே சரக்கை அடுத்த நிமிடமே சிவசங்கரியிடமும் விற்றாள்.

"சத்தியமாடி?"

"நம்ம மெஷின் மேல சத்தியம்!"

பாலகுருவிடம் யாரும் பேரம் பேசவில்லை. அவன் பாத்திக்குள் நின்று, சேற்றில் சிக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

நால்வரும் போனில் மார்க் போட்டு முடித்ததும் புராஜெக்ட் கைடு சுலோசனா மேடம் கூட்டிப் பார்த்தார்.

"பாலகுருவுக்கு முப்பது!"

இலக்கியா கார்த்தியின் சட்டையைப் பிடித்தாள். "அடப்பாவி, ஏமாத்திட்டியா?"

"நீ மட்டும் யோக்கியமா? உப்புத் தண்ணியில கால் வெடிச்சு நிக்கிறான், எப்டிடி உனக்குப் போடறது?"

மூவரும் விழித்தார்கள், பிறகு வரப்பே அதிரச் சிரித்தார்கள்.

"என் பத்துல ஆளுக்கு மூணு," என்று நொண்டியபடி வந்தான் பாலகுரு. "மிச்சம் ஒண்ணு இலக்கியாவுக்கு. அவதானே அதிகமா கத்துனா!"

"நாலு!" என்று துள்ளினாள் இலக்கியா.

கொடுத்தது நாற்பது, வந்தது நாற்பது. மெஷின் மேல் செய்த சத்தியம் மட்டும் பாக்கி.