சொல்லக்கூடாத பேர்

"உம் புருஷன் பேரைச் சொல்லும்மா."

குமாஸ்தா மறுபடியும் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசை. வரிசை முடிகிற இடத்தில் படகு. அலைக்கு அப்பால், பினாங்குக் கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் அன்றைக்குச் சர்க்கார் சட்டம் ஒன்றுதான். படகில் கால் வைக்கும்வரை எவனும் 'நான் போகலை' என்று திரும்பிவிடலாம். கால் வைத்துவிட்டானோ, போச்சு.

அந்த வரிசையில் எங்கேயோ அவள் புருஷன் நிற்கிறான்.

தானாகக் கடல் தாண்டுகிற ஆளா அவன்! தோட்டக் கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி கதை அளந்திருக்கிறான். "உம் பொண்டாட்டி முந்தின கப்பல்லயே போயிட்டாடா, அங்க உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா" என்று. இந்த மனுஷனும் நம்பிவிட்டான். வழியிலேயே தப்பி வந்த பங்காளி சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கேட்ட இடத்தில் களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள்.

கயிற்றைத் தாண்டப் பெண்களை விடமாட்டார்கள். இங்கிருந்து பார்த்தால் எல்லாம் முதுகு. எல்லாருக்கும் மொட்டை அடித்து, ஒரே மாதிரி வேட்டி கொடுத்திருந்தார்கள். எந்த முதுகைக் காட்டிச் சொல்வது?

பேரைச் சொன்னால் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் வேலை.

அதுதான் அவளால் ஆகவில்லை. தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பேர் அவள் நாக்கில் ஏறியதில்லை. ஏறலாமா? பெண்டாட்டி வாயால் பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். ஊரே சொல்லும்.

"சாமி பேருங்க," என்றாள். "கைலாசத்துல இருக்காரே, அவரு தலையில இருக்கறது."

குமாஸ்தா சவரிமுத்து ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர், சிவன் சங்கதி அவ்வளவாகத் தெரியாது. இருந்தாலும் நல்ல மனுஷர், முயன்று பார்த்தார்.

"கங்கையா? யாருப்பா இங்க கங்காதரன்?"

ஒருவரும் அசையவில்லை. அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அப்ப பாம்பு. நாகப்பா!"

இரண்டு நாகப்பன்கள் சந்தோஷமாக ஓடிவந்தார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பாவம், முகம் தொங்கத் திரும்பிப் போனார்கள்.

அவள் தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டினாள்.

"கொண்டையா? கொண்டையன்னு ஒரு பேரா?"

கயிற்றோரம் நின்ற பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சிரிக்க அவர்களுக்கு என்ன யோக்கியதை! அவர்களும் இதே கதிதான். புருஷனைத் தேடி வந்து, பேர் சொல்ல வாய் வராமல் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறவர்கள்.

"அம்மா தாயே, எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு," என்று குமாஸ்தா கையெடுத்துக் கும்பிட்டார். "தள்ளி நில்லு."

வரிசை நகர்ந்தது. ஒருவன் படகில் கால் வைத்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன்.



ஆயுசு குறைந்தால் குறையட்டும். மிச்சம் இருக்கிற ஆயுசு என்னோடு இருக்கட்டும்.

"சடையாஆஆ!"

அடேயப்பா, அப்படி ஒரு சத்தம்! கப்பலில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

படகுக்குள் ஒரு காலைத் தூக்கியிருந்த மொட்டைத் தலை திரும்பியது. தூக்கிய கால் அப்படியே நின்றது.

மேஸ்திரி பாய்ந்து வந்தான்.

"என்னங்கய்யா இது அநியாயம்! கட்டின பொண்டாட்டி புருஷன் பேரச் சொல்லுவாளா? இவ எவளோ பைத்தியக்காரி. நீ ஏறுடா!"

குமாஸ்தா தயங்கினார். அந்தப் பாவி சொல்வதும் நியாயமாகத்தானே படுகிறது? எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்?

அவள் கயிற்றை இறுகப் பிடித்தாள். சொல்லாவிட்டாலும் போச்சு, சொன்னாலும் போச்சா?

"யாருடா இவ?" என்று குமாஸ்தா சடையனையே கேட்டார்.

தூக்கிய காலை அவன் மணலில் ஊன்றினான்.

வீட்டில் 'ஏ புள்ள' என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாதவன். அவளுக்கென்று ஒரு பேர் இருப்பது அவனுக்கு நினைவிருக்கிறதா என்றுகூட அவள் சந்தேகப்பட்டதுண்டு.

"எம் பொண்டாட்டிங்க. காத்தாயி," என்றான்.

பிறகு குமாஸ்தாவை மறந்தான், மேஸ்திரியை மறந்தான். அவளைப் பார்த்துக் கத்தினான்.

"காத்தாயீ! நான் போகலை!"

மேஸ்திரி பல்லைக் கடித்தான். கடித்து என்ன செய்ய? கால் இன்னும் கரையில் இருக்கிறதே.

கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தவனின் மணிக்கட்டை அவள் பிடித்தாள். அத்தனை பேர் பார்க்கப் பிடித்தாள். சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடியும் சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை. இனி யார் கேட்டாலும் சொல்லுவாள். துரையே வந்து கேட்டாலும் சொல்லுவாள்.

குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, கயிற்றோரம் அடுத்து நின்றவளிடம் திரும்பினார்.

"உம் புருஷன் பேரு?"

அந்தப் பெண் எந்தச் சாமியையும் இழுக்கவில்லை. குமாஸ்தாவையும் பார்க்கவில்லை. படகைப் பார்த்தாள்.

வாயில் திணித்திருந்த முந்தானையை உருவினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.