வெம்பிளியில் ஒரு வதம்

கேக் வெட்டி முடிந்ததும் அருள்நேசனைக் கொன்றுவிடுவது என்று முடிவாகியிருந்தது. கழுத்தில் ஒரே வெட்டு. விழும்போது கம்பளத்தில் எதையும் கொட்டிவிடக் கூடாது என்று மண்டபக்காரர் மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் பொறுத்துச் சாவுங்கோ," என்றார் கிருஷ்ணராசா. "சவுத்தாலில இருந்து மச்சான் குடும்பம் இன்னும் வரேல்லை."

ஜெர்மனியில் கோப்பை கழுவி, லண்டனுக்கு வந்து கடைகள் போட்டு நிமிர்ந்தவர் கிருஷ்ணராசா. மகன் லதீசனின் ஏழாவது பிறந்தநாளில் ஊர் வாயைப் பிளக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் ரி.வி.யில் பார்ப்பதோ ஒன்றே ஒன்றுதான். வண்ண உடுப்பு வீரர்கள் அரக்கனை அடிப்பார்கள், அடிபட்ட அரக்கன் மாடி உயரத்துக்கு வளர்வான், அவனை அடக்க ராட்சத ரோபோ வரும்.

ஆகவே ரோபோவும் வந்திருந்தது. மாம்பழப் பெட்டிகளில் வெள்ளித்தாள் ஒட்டிச் செய்த அந்த ரோபோ, வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது.

அரக்கன் வேஷம் அருள்நேசனுக்கு. போன வருஷம் பாங்குகள் கவிழ்ந்தபோது அவன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கொம்பனியும் சேர்ந்து கவிழ்ந்தது. அன்றிலிருந்து, பிறந்தநாள்களுக்கு வேஷக்காரர்களை அனுப்பும் ஞானேஸ்வரனிடம்தான் பிழைப்பு. அம்மாவுக்குத் தெரியாது, இப்போதும் காலையில் டை கட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்குவான்.

அவனைக் கொல்ல வேண்டிய மஞ்சள் வீரன், இன்னொரு பிறந்தநாளை முடித்துக்கொண்டு ஹெல்மெட்டும் தானுமாக வந்து இறங்கியிருந்தான். வீரன் வாய் திறப்பதில்லை. வீரவசனம் எல்லாம் ஞானேஸ்வரனின் கட்டைக் குரலில் சி.டி.யில் வரும். அருள்நேசன் நீட்டிய பன்டா சோடாவைக்கூட அவன் கையசைத்து மறுத்துவிட்டான்.

கிருஷ்ணராசாவுக்கு ஒரு கவலை. கொடுத்த காசுக்கு வருவது ஜப்பான் சண்டையா, அமெரிக்கச் சண்டையா?

இரண்டும் ஒன்றுதான் என்று ஞானேஸ்வரன் தேற்றினார். அடிதடி முழுவதும் ஜப்பானில் எடுத்தது, அமெரிக்கர்கள் அதை வாங்கி, ஹெல்மெட் கழற்றும் இடத்தில் மட்டும் தங்கள் ஆட்களின் முகத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். ஜப்பானில் ஆணாக இருந்த மஞ்சள் வீரன் அமெரிக்காவில் பெண்ணானதை ஒரு குழந்தையும் கண்டுபிடிக்கவில்லையாம்.

"எங்கட கலியாண வீடியோவில சுவிஸ் மலையை ஒட்டுறம்தானே அண்ணை, அது மாதிரித்தான்."

கிருஷ்ணராசாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவருடைய கலியாண வீடியோவிலும் அந்த மலை இருந்தது.

அரக்கத் தலையின் மூக்கு ஓட்டை வழியாக அருள்நேசன் மண்டபத்தைப் பார்த்தான். முன்மேசையில் அம்பலவாணன் இருந்தார். போன கிழமை வீட்டுக்கு வந்து, அம்மா பொரித்த ரோல்ஸைச் சாப்பிட்டு, தன் மகள் தாரகாவை அவனுக்குக் கலியாணம் பேசிவிட்டுப் போனவர்.

படங்கள் கைமாறியிருந்தாலும் தாரகாவை அவன் இன்னும் நேரில் பார்க்கவில்லை. நாளை விம்பிள்டன் பிள்ளையார் கோவிலில் இருவரும் தற்செயலாகச் சந்திப்பதாக இரு வீட்டாரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் ஒருமுறை போனில் பேசியிருந்தான், அந்தச் சிரிப்பில் விழுந்தவன் எழும்பவே இல்லை. வேலை போனதை அவளிடமும் சொல்லத் துணிவு வராததுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

அம்பலவாணன் பக்கத்து மேசைக்காரருக்குப் பெருமை அளந்துகொண்டிருந்தார். மகளால் வர முடியவில்லையாம். பாங்குகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் காலத்திலும், அவளை மட்டும் சனிக்கிழமைகூட விடாமல் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம்.

பிறகு அரக்கனின் வயிற்றில் செல்லமாக ஒரு குத்துக் குத்தினார். "எங்கட மாப்பிள்ளை பெரிய கொம்பனியில. இப்பிடி வேஷம் கட்டித் திரியிற ஆளில்லை."

ரப்பருக்குள் அருள்நேசன் வெந்து போனான். தலை மட்டும் கழன்றால் தாரகா கையை விட்டுப் போய்விடுவாள்.

மச்சான் குடும்பம் வந்தது, கேக் வெட்டப்பட்டது, சி.டி. முழங்கியது. மஞ்சள் வீரன் பாய்ந்து வந்து கழுத்தில் வாளை இறக்க, அரக்கன் முன்மேசைக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தான். நன்றாகத்தான் செத்தான்.

ஆனால் விழுந்த வேகத்தில் கழுத்து ஸிப் வாயைப் பிளந்தது. அரக்கத் தலை நெற்றிக்கு மேலே நழுவி, அருள்நேசனின் முகம் பளிச்சென்று வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, செத்த அரக்கனைப் படம் எடுக்க அம்பலவாணன் கேமராவோடு எழும்பினார். எல்லாம் முடிந்தது என்று அருள்நேசன் கண்ணை மூடிக்கொண்டான்.

தொப்பென்று ஏதோ மேலே விழுந்தது. மஞ்சள் வீரன் அவன் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்து, அப்படியே குறுக்கே விழுந்து மறைத்து, அரக்கத் தலையை இழுத்து மாட்டி இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒப்பந்தத்தில் இல்லாத இந்தச் சண்டையைக் கண்டு மண்டபமே கைதட்டியது.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, போனில் ஒரே ஒருமுறை கேட்ட குரல் மெல்ல வந்தது.

"அசையாமல் செத்துக் கிடவுங்கோ, நான் பாங்கில நிக்கிறன் எண்டுதான் அப்பா நினைச்சுக்கொண்டிருக்கிறார்."