கத்துக்குட்டிகளின் மேஜை

ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கத்தின் சாப்பாட்டு அறையில், செல்போனில் போக்கர் சீட்டு ஆடிக்கொண்டே எங்களிடம் அலட்டினான் லோடர் ஓட்டும் டேரன்.

"கத்துக்குட்டிங்க மேஜை. என்னைச் சேர்த்து ஒம்பது பேரு. மத்த எட்டும் எங்கெங்கயோ கெடக்குற மாக்கானுங்க. தோத்தா இந்த மாசம் கேம்ப் கக்கூஸ நானே கழுவுறேன்."

"கையில என்னடா?" வாய் நிறைய 'மீட் பை' இறைச்சிப் பலகாரத்தோடு கேட்டான் கிரெக்.

"ரெண்டும் ஏழும். செத்த சீட்டு. மொத்தத்தையும் வச்சு மிரட்டுனா அலறி ஓடுவானுங்க பாரு."

ஏழு பேர் சீட்டை மடக்கிவிட்டு ஓடினார்கள். ஒருவன் ஓடவில்லை. டேரன் மொத்தமும் தோற்றான்.

"எந்த மடையன்டா அவன்? எப்படிடா துணிஞ்சான்?"

கிரெக் மேஜைக்கடியிலிருந்து தன் செல்போனை எடுத்து மேலே வைத்தான். நாங்கள் ஏழு பேரும் எங்களுடையதை வைத்தோம்.

"துடைப்பம் கதவுக்குப் பின்னால இருக்கு, மாப்ள."