மற்றக் கை

தொண்ணூறாம் ஆண்டு தை மாத வெயில் நியூசிலாந்தின் பாபடோயிட்டோய் ஊரில் தமிழ்ச் சங்க மண்டபத்து நாற்காலிகளின் மேல் சரிந்து கிடக்கிறது. இந்தியப் படை இலங்கையை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்ற கடிதத்தைச் செயலாளர் தியாகலிங்கம் வாசித்து முடிக்க, எல்லோரும் ஆதரித்துக் கை தூக்குகிறார்கள். வடைத் தட்டோடு நிற்கும் பத்மாவதி மட்டும் தூக்கவில்லை. அவள் தம்பி வவுனியாவில் அந்தப் படைக்கு மொழிபெயர்ப்பவன் என்பது மண்டபம் முழுக்கத் தெரியும். "அக்கா, இவங்கள் போனா இயக்கம் என்னை உயிரோட விடாது" என்று அவன் எழுதியது அவள் கைப்பையில் இருக்கிறது. "பத்மாவதி, உங்கட கை?" என்று கேட்கிறார் தியாகலிங்கம். எண்ணெய் மினுங்கும் வலக்கை மெல்ல உயர்கிறது. "தம்பிக்கும் சேர்த்து மற்றதையும் தூக்குங்கோவன்" என்கிறார் அவர். சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போகிறது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவள் மற்றக் கையையும் தூக்குகிறாள். தியாகலிங்கம் 'ஏகமனதாக' என்று எழுதுகிறார்.