வெறும் பீங்கான்

"மெல்லக் கதையும், மதிலுக்கு அங்கால கேட்டிடும். ஸல்ஹாவுக்குச் சுகமில்லையாம்," என்றான் மேர்வின்.

படுத்திருந்த அவன் மனைவி மெலனி மெல்லத் திரும்பினாள். "என்ன செய்யுதாம்?"

"மனச்சோர்வாம். முனீப்தான் சொன்னவன்."

மேர்வினும் பக்கத்து வீட்டு முனீப்பும் உள்துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர்கள். ஓர்ஸ் ஹில்லில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே மதில். முனீப்பின் மனைவி ஸல்ஹாவை மெலனி அக்கா முறையில் வாய் நிறைய 'ராத்தா' என்பாள். கொஞ்ச நாளாக மதிலடிப் பேச்சு நின்றுபோயிருந்தது.

"ராத்தாவுக்கா? தங்கமான மனுசன், படிக்கிற பிள்ளையள். அவவுக்கென்ன குறை?"

"குறையிருந்தாத்தான் வருமெண்டில்லையாம். பொம்பிளையளுக்குத்தான் இது கூட வாறதாம் எண்டு டொக்டர் சொன்னவவாம். பிள்ளை பெத்த கையோட, மாதச் சுகயீனம் நிக்கிற வயசில, உடம்புக்குள்ள எல்லாம் மாறுதாம். அதோட முடியாத வீட்டு வேலை, நித்திரையில்லை, மனசில கிடக்கிறதைச் சொல்ல ஆளில்லை. எல்லாம் சேர்ந்து ஆளை அமத்திப் போடுமாம்."

சொல்ல ஆளில்லை என்றதும் மெலனி மதில் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். பாவம் ராத்தா!

"கிளினிக்குக்குக் கூப்பிட்டா, 'நானென்ன விசரியோ' எண்டு சண்டையாம். எங்களுக்குத் தெரியுமெண்டு காட்டிக்கொள்ளாதையும். ஏதாவது செய்து அனுப்பும். அவ வெறும் பீங்கானைத் திருப்பித் தரமாட்டாதானே? அதுக்காகவாவது எழும்பி அடுப்படிக்குப் போகட்டும்."

மெலனிக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவர்கள் வீட்டில் கடைப் பார்சல்தான் சாப்பாடு. அன்று மெலனி எழும்பிப் பாலப்பம் சுட்டாள். முதலாவது கருகிப் போனது. மற்றவற்றைப் பீங்கான் தட்டில் அடுக்கி மதிலுக்கு மேலால் நீட்டினாள்.

மறுநாள் பீங்கான் வட்டிலப்பத்தோடு திரும்பி வந்தது.

"ஐயோ, இதை இனி வெறுமையாக் குடுக்க ஏலாதே!" என்றாள் மெலனி. மீன் கட்லட் போனது. சீனிச்சம்பல் வந்தது. அந்தப் பீங்கானுக்கு இளைப்பாற நேரமே கிடைக்கவில்லை.

தலைவிரிகோலமாய் நின்றால் ராத்தாவின் மனம் இன்னும் விழுந்துவிடும் என்று, மெலனி குளித்துத் தலை வாரிய பிறகே மதிலடிக்குப் போனாள். பூட்டிக்கிடந்த ஜன்னலையும் திறந்தாள், ராத்தா கூப்பிட்டால் கேட்க வேண்டுமே! பேச்சும் நீண்டது. கடைசி மகளும் படிக்கக் கண்டிக்குப் போனபின் வீடு வெறிச்சோடிக் கிடப்பதாக ஸல்ஹா சொன்னாள்.

அவள் மட்டும் சொன்னால் வெட்கப்படுவாளே என்று மெலனியும் சொன்னாள். "பிள்ளை அழுதாலும் எனக்கு ஒண்டும் தோணுதில்லை ராத்தா. நானெல்லாம் ஒரு தாயோ எண்டிருக்கும்." சொல்லிவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். எல்லாம் ராத்தாவுக்காகத்தான்!

ஒரு வியாழக்கிழமை காலையில் மேர்வின், "இண்டைக்குக் கிளினிக். நீர் கூப்பிட்டா ஸல்ஹா வருவா," என்றான். மெலனி நல்ல சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு, பீங்கானில் கேக் துண்டுகளோடு நேரே ஸல்ஹாவின் குசினிக்கே போய்விட்டாள். இன்றைக்கு ராத்தா மாட்டேன் என்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஸல்ஹா அபாயா போட்டு, கைப்பையோடு நின்றாள்.

"ராத்தா, கோவிக்காதேங்கோ. இது வருத்தம்தான், பிழையில்லை. கிளினிக்குக்கு நானும் கூட வாறன்."

ஸல்ஹா கண்ணை அகல விரித்தாள். "அல்லாஹ்வே! எனக்கா? உங்களக் கூட்டிட்டுப் போகத்தானே தங்கச்சி நான் உடுத்திட்டு நிக்கிறன்! 'மெலனி கிளினிக்குக்குக் கூப்பிட்டாச் சண்டை பிடிக்குது. பீங்கான வெறுமையா அனுப்பாத, அதுக்காகவாவது எழும்பி அடுப்படிக்குப் போகட்டும்' எண்டு எங்கட மனுசன்தானே எனக்குச் சொன்னாரு!"

மேர்வின் கிளினிக் என்று வாயெடுத்த அன்று, 'நானென்ன விசரியோ' என்று தலையணையைத் தூக்கி எறிந்தது மெலனிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. "கிளினிக்கெண்டதும் நீங்களும் சண்டை பிடிச்சனீங்களோ ராத்தா?" என்றாள்.

"பிடிக்காம? ரெண்டு நாள் அவரோட கதைக்கவே இல்ல!"

வாசலில் முனீப்பின் ஓட்டோ ஹோர்ன் அடித்தது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேர்வின், முனீப்பின் பக்கத்தில் முன்சீட்டில் ஒடுங்கிக்கொண்டு இருந்தான். பின்சீட் முழுவதும் இரண்டு பேருக்காகக் காலியாகக் கிடந்தது.