குதிகால்காரி

லிஃப்ட் மெக்கானிக் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, குதிகால்காரியை உள்ளே செருகிக்கொண்டதைப் பல் டாக்டரின் மனைவி சுவர்க் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

குதிகால்காரி என்பது ஒரு பழைய டிராக்டர் கம்பெனியின் விளம்பரப் புத்தகம். எட்டே பக்கம். அட்டையில் ஒரு பெண் உயரமான குதிகால் செருப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வயலை உழுதபடியே யாருக்கோ கையசைக்கிறாள். உலகத்திலேயே மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான் என்பது டாக்டரின் கட்சி.

இந்த மாதிரி அவரிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. டிராக்டர், கதிர் அறுக்கும் இயந்திரம், மருந்து தெளிக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. குடியிருப்பதோ மூன்றாவது மாடி. பால்கனியில் இருந்த ஒரே ரோஜாச் செடியையும் தண்ணீர் ஊற்ற மறந்து கொன்ற புண்ணியவான் அவர்.

"கிளம்பிட்டீங்களா அண்ணா?" டாக்டரின் மனைவி வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆமாம்மா, கொஞ்சம் வேலை இருக்கு."

மெக்கானிக் கம்பம் மாதிரி விறைப்பாக நின்றார்.

"கீழே சாவி கிடக்கு பாருங்க. எடுத்துக் குடுங்களேன்."

"முதுகு பிடிச்சிருக்கும்மா. குனிய முடியல."

"போன தடவையும் இதே முதுகுதானே பிடிச்சுது?"

வேறு வழியில்லாமல் குனிந்தார். சட்டைக்குள் சரசரவென்று சத்தம். கழுத்துப் பக்கமாகக் குதிகால்காரி எட்டிப் பார்த்துக் கையசைத்தாள்.

"சீ! உங்களைப் போய் அண்ணான்னு கூப்பிட்டேனே!"

மெக்கானிக் நிமிர்ந்தார். புத்தகத்தை மேஜைமேல் வைத்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார்.

சமையலறையிலிருந்து இருமல் கேட்டது. டாக்டர் எப்போதும் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் டீத் தட்டோடு வெளியே வருவார்.

"உங்க அருமை நண்பரைக் கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்!" என்றாள் மனைவி.

பாராட்டுவார் என்று பார்த்தால், டாக்டரின் முகம் தொங்கிப்போயிற்று.

"உன்னை யாரு பிடிக்கச் சொன்னா?"

"அவர் திருடினார்ங்க!"

"எடுத்துக்கட்டும்னுதானே நான் உள்ளே நின்னு இருமிக்கிட்டிருக்கேன்!"

டாக்டர் டீத் தட்டை மேஜைமேல் வைத்தார்.

"போன மாசம் அதை அவர் வீட்லேர்ந்து நான் எடுத்துட்டு வந்தேன். அதுக்கு முந்தின மாசம் அவர் இங்கேர்ந்து எடுத்துட்டுப் போனார். பதினோரு வருஷமா இப்படித்தான். முதல்ல அது யாரோடதுன்னே மறந்து போச்சு."

"கேட்டு வாங்கிக்கிட்டா என்னவாம்?"

"கேட்டு வாங்கினா அதுல என்ன இருக்கு? இப்பல்லாம் புதுசா ஒண்ணும் கிடைக்கிறதில்ல. அதைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு படி இறங்கறப்போ, அப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும்."

"அப்போ ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு செய்றீங்களா?"

"சேச்சே! பேசிட்டா அப்புறம் என்ன கௌரவம்?"

அடுத்த மாதம் மெக்கானிக் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

டாக்டர் நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். அந்த ஆள் பாவம், கால்மணி நேரம் திறந்த வாயோடு கிடப்பார்.

டாக்டரின் மனைவிக்கு நெஞ்சை அறுத்தது. யோசித்துப் பார்த்தால், பல்வலி இல்லாமல் கணவரைத் தேடி வந்த ஒரே மனிதர் அந்த மெக்கானிக்தான். அவரையும் துரத்தியாகிவிட்டது.

கையில் கொடுத்தால் இருவர் கௌரவமும் போய்விடும். அதனால் மெக்கானிக் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, குதிகால்காரியை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

"வாங்கக்கா, உட்காருங்க" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"இல்லம்மா, நிக்கிறேன். முதுகு பிடிச்சிருக்கு."

"ஓ, உங்களுக்குமா?" அவள் சிரிப்பை விழுங்கியது போல இருந்தது. "இருங்க, டீ போட்டுட்டு வரேன்."

அவள் தலை மறைந்ததும் டாக்டரின் மனைவி ஓடிப்போய் கூடத்து அலமாரியின் வலது கதவைத் திறந்தாள். செருகப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே சணல் கயிறு போட்ட பெரிய கட்டு. கட்டு முழுக்கக் குதிகால்காரிகள். நாற்பது பேராவது இருப்பார்கள். மேலே இருந்தவள் கறுப்புக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

சமையலறையிலிருந்து இருமல் கேட்டது. இரண்டு முறை.

மெக்கானிக்கின் மனைவி டீயோடு வந்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயோ, அது இல்லக்கா! டாக்டர் எப்பவும் இடது கதவைத்தான் திறப்பார்!"

"என்னம்மா இது, இத்தனை?"

"அந்தக் கம்பெனி ஆபீசை மூடறப்போ இவர் லிஃப்டைக் கழட்டப் போயிருந்தார். மூட்டையாத் தூக்கிக் குடுத்துட்டாங்க. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா."

டாக்டரின் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தனையை இங்கே வச்சுக்கிட்டா எங்க வீட்ல வந்து திருடினார்?"

மெக்கானிக்கின் மனைவி வலது கதவைச் சாத்தி, இடது கதவைத் திறந்துவிட்டாள்.

"இவர் திருடலைன்னா, அடுத்த மாசம் டாக்டர் எதைக்கா கண்டுபிடிப்பார்?"