முதுகு காட்டும் தோணி

போகும்போது அம்பு மாதிரிப் போகிற தோணி, திரும்பி வரும்போது மட்டும் கரையோரக் கண்டல் புதருக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றது.

இந்தக் கிழமையில் இது நாலாவது தடவை.

அதாவுல்லா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று யோசித்தார். களியோடை ஆற்றில் இருபத்திரண்டு வருசம் தோணி வலித்து, முகத்துவாரத்தில் வலை வீசிப் பிழைத்தவர். சுனாமி கொண்டுபோன தோணிக்குப் பதிலாக நிவாரணத்தில் கிடைத்த இந்தப் புதுத் தோணியில் என்னவோ கோளாறு.

துடுப்பைப் பார்த்தார். சரியாக இருந்தது.

தோணியின் அடியைத் தடவினார். அதுவும் சரி.

காற்றின் குற்றமோ என்று ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் விட்டார். அது கடற்காற்றுக்கு ஆடி ஆடி ஆற்றின் நடுவால் போய், அவருக்கு முன்னே துறையடியில் கரை சேர்ந்தது.

"மட்டைக்குத் தெரிஞ்ச வழி நம்மட மச்சானுக்குத் தெரியல்ல," என்றான் அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஹஸன்.

போதாததற்குக் கழுத்துவலி. மனைவி றஹீமா தேய்த்த எண்ணெயில் தலையணை ஊறியதே தவிர, வலி போகவில்லை.

"நான் சவூதிக்குப் போறன்," என்று அவளிடம் சொன்னார். கல்முனையில் ஒரு ஏஜன்சிக்காரன் ஒட்டகப் பண்ணைக்கு ஆள் தேடுகிறான். வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போட்டைக் கொடுக்க வேண்டும். "அங்க சுத்திவர மணல்தான். முட்டுறதுக்கு ஒரு கண்டல் இல்ல."

"முட்டுறதுக்கு ஒட்டகம் இரிக்குமே," என்றாள் றஹீமா.

அவர் அந்தப் பக்கம் போனதும் பாஸ்போட்டை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தாள்.

புதன்கிழமை நிவாரண லொறியில் ஒரு படகு வந்து இறங்கியது. இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றில், விளையாட்டுக்குப் படகு வலிக்கிற ஒரு சங்கம் அன்போடு அனுப்பியது. முகம் பார்க்கிற அளவுக்குப் பொலிஷ். ஆனால் ஊரில் ஒருவரும் ஏற்கவில்லை. வலிப்பவரின் ஆசனம் பின்பக்கம் பார்த்திருந்தது.

"வெள்ளக்காரன் போற இடத்தப் பாக்க மாட்டானா?" என்றான் ஹஸன். "எப்புடியும் முட்டுறவருக்கே குடுங்க."

கொடுத்தார்கள்.

அதாவுல்லா ஒரு பகல் முழுக்க அதைத் துருவிப் பார்த்தார். நம் துடுப்பைக் கையில் பிடித்து, முன்னே பார்த்திருந்து தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். உழைப்பது கையும் தோளும்தான். இந்தத் துடுப்போ நீளம். படகின் விளிம்பில் ஒரு பித்தளைக் கவையில் மாட்டிக் கிடக்கிறது. காலைப் பலகையில் ஊன்றி, முழு உடம்பும் சாயக் கைப்பிடியை நெஞ்சுக்கு இழுத்தால், வெளிமுனை எதிர்ப்பக்கம் போய்த் தண்ணீரைத் தள்ளும். படகு முதுகுப் பக்கமாகப் பாயும்.

அப்படியானால் வழியைப் பார்ப்பது யார்?

அதற்குத்தான் படகின் கடைசியில் சாய்மானம் வைத்த இன்னொரு ஆசனம், முன்பக்கம் பார்த்தபடி. அதில் இருப்பவர் கையில் சுக்கானின் இரண்டு கயிறுகள். வண்டி மாட்டுக்குப் போல, இடது கயிற்றை இழுத்தால் இடது பக்கம், வலதை இழுத்தால் வலது.

அந்த ஆசனத்துக்கு ஆண்கள் எவரும் வரவில்லை. சாய்ந்திருந்து போக நாங்கள் என்ன மாப்பிள்ளையா என்றார்கள்.

றஹீமா முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஏறினாள். கல்யாணம் முடித்த பதினெட்டு வருசத்தில் அவள் ஆற்றில் இறங்குவது இதுதான் முதல் தடவை. பாஸ்போட்டை எடுத்துக் கொடுப்பதைவிட இது லேசு.

படகு முகத்துவாரத்தை நோக்கிப் போனது.

பத்து இழுவைக்குள் அதாவுல்லாவின் கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது. இழுவை கோணியது. படகு கண்டலை நாடியது.

றஹீமா கயிற்றை இழுத்து நேராக்கினாள்.

கழுத்து மறுபடி திரும்பியது.

"அங்க என்னத்தப் பாக்கீங்க?"

அதாவுல்லாவின் கை நின்றுவிட்டது. துடுப்பைச் சோதித்தார், தோணியைச் சோதித்தார், காற்றைக்கூடச் சோதித்தார். கழுத்தை அவர் சோதிக்கவில்லை. தோணியில் வீடு திரும்பும்போதெல்லாம், மூன்று துடுப்புக்கு ஒரு தடவை, அது இப்படித்தான் திரும்பியிருக்கிறது.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

சொல்ல வெட்கமாக இருந்தது.

"வருதா எண்டு," என்றார்.

றஹீமா சிரிக்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் முகத்துவாரத்தையும் அதற்கப்பால் கடலையும் நன்றாகப் பார்த்தாள்.

"வரல்ல. நீங்க வலிங்க. ஏறின நேரத்திலயிருந்து நான் அதத்தான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

வலையை வீசி எடுத்து, படகைத் திருப்பினார்கள். ஊர் றஹீமாவின் கண்ணுக்கு நேரே வந்தது. கடல் அவருடைய கண்ணுக்கு நேரே.

வெள்ளிக்கிழமை வந்து போனது. பாஸ்போட்டை யாரும் தேடவில்லை.

கண்டலில் முட்டாமல் எப்படி வருகிறீர்கள் என்று துறையடியில் ஹஸன் கேட்டான். அதாவுல்லா மீனைக் கூடையில் போட்டபடி பொறுமையாக விளக்கினார்.

"போகக்குள்ள அவ கடலப் பாப்பா. வரக்குள்ள நான் பாப்பன்."